பிபிஐ இழப்பீட்டில் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம்

பிரிட்டனில் கடனோடும் கிரெடிட் கார்டோடும் சேர்த்து முறைகேடாக விற்கப்பட்ட பிபிஐ எனும் தவணைக் காப்பீட்டுக்காக, கடன் கொடுத்த நிறுவனத்திடம் முறையிடும் கெடு 2019 ஆகஸ்ட் 29 அன்று முடிந்துவிட்டது. ஆயினும் அதற்குப் பின்னர் இழப்பீடு கைக்கு வந்தவர்கள், அத்துடன் வந்த கணக்கு விவரக் கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

திருப்பித் தரப்பட்ட பிரீமியத்துக்கு வரி கிடையாது. ஆனால் அதன்மேல் சேர்க்கப்படும் ஆண்டுக்கு 8 சதவீத வட்டி வருமானமாகக் கருதப்படுவதால், அதில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டே வங்கிகள் பணம் தந்தன. அடிப்படை வரி விகிதத்தில் உள்ளவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலும், உயர் விகிதத்தினருக்கு 500 பவுண்டு வரையிலும் வட்டிக்கு வரி இல்லை. ஆகவே 600 பவுண்டு வட்டியில் 120 பவுண்டு பிடிக்கப்பட்டிருந்து, அவ்வாண்டின் பிற சேமிப்பு வட்டியையும் கூட்டிய தொகை அந்த வரம்பைத் தாண்டாவிட்டால், அந்த 120 பவுண்டும் உங்களுக்கே உரியது.

இதற்கு வரித்துறையின் ஆர்40 படிவத்தை நிரப்பினால் போதும். ஆண்டுதோறும் வரிக்கணக்கு தாக்கல் செய்பவர்கள் அதன் வழியாகவே கோர வேண்டும். பணம் வந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரைதான் அவகாசம்; 2022 ஜூனில் பெற்றவருக்கு 2027 ஏப்ரல் 5 கடைசி நாள். படிவம் இலவசம் என்பதால், கமிஷன் கேட்கும் இடைத்தரகர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.