முதல் தடவை ரேஞ்சுக்குத் துப்பாக்கியோடு போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் கையில் இருக்கிறது, ஆனால் இன்னும் ஒழுங்காகச் சுட்டுப் பழகவில்லை. இல்லையென்றால், துப்பாக்கி வைத்திருக்கிற நண்பர் "வாயேன், ஒருநாள் டார்கெட் சுடலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். இந்த இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறி பார்த்துச் சுடுவது எப்படி என்பது கொஞ்சம் கீழே வருகிறது, நேராக அங்கே தாவ வேண்டாம். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகுகிற திடலில், அரை நாள் இருந்தாலும் ட்ரிக்கரை இழுக்கிற நேரம் மொத்தமாகச் சில நிமிடங்கள்தான் தேறும். மீதி நேரமெல்லாம் பெட்டியைத் திறப்பது, தோட்டா போடுவது, தாள் மாற்ற நடப்பது, பக்கத்து ஆளிடம் பேசுவது என்று போகும். கவனம் நழுவுவதும் அப்போதுதான்.

எதை எடுத்துப் போவது, எங்கே போவது

தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் பாயிண்ட் 22 ரைபிளில் (குழல் துளை ஏறத்தாழ 0.22 அங்குலம்) ஆரம்பியுங்கள். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. பெரிய துப்பாக்கியில் ஆரம்பிக்கிறவர் முதல் பத்து குண்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழகிவிடுவார், அப்புறம் அந்தப் பழக்கத்தை விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "முதலில் பெருசைக் கொடுத்து இவன் முகத்தைப் பார்க்கலாம்" என்று சிரிக்கிற நண்பரோடு போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சின்னது என்பதற்காகப் பாயிண்ட் 22-ஐ விளையாட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 2.6 கிராம் ஈயக் குண்டு, தடுக்க எதுவும் இல்லையென்றால் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அதனால்தான் முறையான ரேஞ்ச் வேண்டும், பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். காலி பாட்டிலை அடுக்கி வைத்துச் சுடுவது, பாறையில் சுடுவது, குளத்துத் தண்ணீரில் சுடுவது எல்லாம் வேண்டாம். தண்ணீரிலும் கல்லிலும் பட்ட குண்டு தெறித்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. துப்பாக்கியை வண்டியில் எப்படிக் கொண்டுபோக வேண்டும், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் லைசென்ஸில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள், ரேஞ்சுக்கு முன்கூட்டியே போன் பண்ணி அவர்கள் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் என்னென்ன

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லையென்றால் போகவே வேண்டாம். பாயிண்ட் 22 ரைபிளின் சத்தமே ஏறத்தாழ 140 டெசிபல் வரும், பெரிய ரைபிள்கள் 160-ஐத் தாண்டும். அந்த அளவில் ஒரே ஒரு வெடிச் சத்தம்கூடக் காதைக் கெடுக்கலாம், கெட்டது திரும்ப வராது. பஞ்சு போன்ற நுரை அடைப்பான் போடுவதாக இருந்தால், அதை விரலால் மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தள்ளி, அது விரியும் வரை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பாதி வேலைகூடச் செய்யாது. நான்கு சுவருக்குள் இருக்கிற ரேஞ்ச் என்றால் அடைப்பானும் போட்டு அதன் மேல் காதுமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

உடையில் ஒரே விஷயம்: கழுத்து மூடியிருக்கட்டும். பக்கத்து ஆளின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கிற காலித் தோட்டாக் கூடு சுடச்சுட உங்கள் சட்டைக்குள் விழுந்தால், கையில் துப்பாக்கி இருப்பதை மறந்து குதிப்பீர்கள். சூடு பெரிதாக ஒன்றும் செய்யாது, அந்தக் குதிப்புதான் ஆபத்து. முன்னால் நீட்டிய தொப்பி, மூடிய காலணி, டார்கெட் தாள்கள், ஸ்டேப்ளர், துளையை மூட ஸ்டிக்கர், பேனா, சைட்டை (குறி பார்க்க உதவும் பாகம்) திருக ஸ்க்ரூடிரைவர், குழலுக்குள் நுழைகிற ராடு ஒன்று, முதலுதவிப் பெட்டி, குடிக்கத் தண்ணீர். ராடு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முந்தின நாள் வீட்டில்

தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பதும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும் ஒரே எழுத்து, ஒரே எண்தானா என்று பாருங்கள். "நுழைகிறது, அப்போ சரிதான்" என்ற கணக்கு இங்கே உதவாது. கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு, எண் கூடினால் குழல் சின்னது. 12 கேஜ் ஷாட்கன்னில் 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் நின்றுவிடும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான்.

அடுத்து, தோட்டா எதுவும் பக்கத்தில் இல்லாமல், துப்பாக்கியைக் காலி செய்கிற வேலையைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். வரிசை முக்கியம். முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கி வைக்கிற கூடு) கழற்ற வேண்டும், அதற்கு அப்புறம்தான் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடுகிற தண்டு) பின்னால் இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? போல்ட்டை இழுத்ததும் சேம்பரில், அதாவது வெடிக்கப்போகிற தோட்டா உட்காருகிற குழலின் பின்முனையில், இருந்த தோட்டா வெளியே விழும், நீங்களும் நிம்மதியாகப் போல்ட்டை முன்னால் தள்ளுவீர்கள், அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து உள்ளே வைத்துவிடும். பிறகு மேகசினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு "காலி" என்று சொல்வீர்கள். துப்பாக்கி காலி இல்லை. அதனால் மேகசின், போல்ட், பிறகு சேம்பருக்குள் கண்ணால் பார்ப்பது, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பார்ப்பது. இத்தனைக்கும் குழல் யாரும் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது புள்ளி ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் என்று வருவது அபூர்வம் இல்லை. அப்படியிருந்தால் ரேஞ்சில் கூட இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், எந்தத் தோளில் வைத்துப் பழகுவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

ரேஞ்சில் இறங்கியதும்

துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ரேஞ்ச் ஆபிசர் (அங்கே பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர்) சொன்ன பிறகு, சுடும் மேசையில் பெட்டியை வைத்துத் திறங்கள். திறந்தால் குழல் முனை உங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். துப்பாக்கியை எடுத்துத் திருப்பாதீர்கள். பெட்டியை மூடி, பெட்டியையே திருப்பி வைத்துவிட்டுத் திறங்கள்.

விதிகள் நான்கு, அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பியவை. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டது என்றே நினைக்க வேண்டும். அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது. சைட் குறிமேல் வரும்வரை விரல் ட்ரிக்கரில் போகக் கூடாது. குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டே சுட வேண்டும். ஒன்றை மறந்தாலும் மற்ற மூன்று காப்பாற்றும்படி அமைந்திருப்பதுதான் இவற்றின் அழகு. மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை: விரலை ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே சும்மா மிதக்க விடாதீர்கள், துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் நீட்டி ஒட்டி வையுங்கள். தடுமாறினால் கை தானாக இறுக்கும், அப்போது விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

"சீஸ் ஃபயர்" என்று யார் கத்தினாலும், அது ரேஞ்ச் ஆபிசராக இருந்தாலும் பத்து வயதுப் பையனாக இருந்தாலும், அந்த நொடியில் நிறுத்த வேண்டும். ஏன் என்று திரும்பிக் கேட்கக் கூடாது. தாள் மாற்ற ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது துப்பாக்கிகள் காலியாக, போல்ட் திறந்து, மேசையில் கிடக்க வேண்டும், நீங்கள் சுடும் இடத்தின் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். துப்பாக்கியைத் தொடாமல் மேகசினில் தோட்டா மட்டும் நிரப்புகிறேனே என்றால், அதுவும் கூடாது. முன்னால் நடப்பவருக்கு உங்கள் கை எதைத் தொடுகிறது என்று தெரியாது.

முதல் குண்டு

தாளை 25 மீட்டரில் வையுங்கள். உட்கார்ந்து, மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியின் முன்கட்டையைத் தாங்கலாக வைத்துச் சுடுங்கள். குழலைத் தாங்கலில் வைக்கக் கூடாது, குறி மாறும். மேகசினில் ஒரே ஒரு தோட்டா. கஞ்சத்தனம் இல்லை இது. முதல் குண்டு தாளில் பட்டதும் புதியவர்கள் அத்தனை பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: வாயெல்லாம் பல்லாக, துப்பாக்கியோடு சேர்ந்து பின்னால் திரும்பி "பார்த்தியா!" என்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே இரண்டாவது தோட்டா இருக்கக் கூடாது. திரும்புகிற பழக்கம் போன பிறகு ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொள்ளலாம்.

சாதாரண இரும்பு சைட் என்றால் பின்சைட், முன்சைட், குறி மூன்றையும் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன்சைட்டை மட்டும் கூர்மையாகப் பாருங்கள், தாள் மங்கலாகத் தெரியட்டும். மனசு கேட்காது, குறியைத்தான் பார்க்கச் சொல்லும். கணக்கைப் பாருங்கள்: இரண்டு சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால், முன்சைட் 1 மில்லிமீட்டர் விலகினாலே 25 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

மூச்சை இழுத்து விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால் இயல்பாக வருகிற இடைவெளியில் ட்ரிக்கரை விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னால், மெதுவாக, கூட்டிக்கொண்டே அழுத்துங்கள். எப்போது வெடித்தது என்று உங்களுக்கே தெரியாமல் வெடிக்க வேண்டும். எட்டுப் பத்து விநாடி ஆகியும் வெடிக்கவில்லையா, விரலை எடுத்துவிட்டு, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வெடித்த பிறகும் ஒரு விநாடி அப்படியே சைட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

குண்டு தாளின் கீழ்ப் பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறதா? துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே நீங்கள் பயந்து அமுக்குகிறீர்கள் என்று சந்தேகப்படலாம். நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் வெடிக்காத ஒரு டம்மித் தோட்டாவைக் கலந்து மேகசினை நிரப்பச் சொல்லுங்கள். "டிக்" என்று மட்டும் கேட்கும்போது குழல் முனை சடக்கென்று கீழே இறங்கினால் வியாதி பிடிபட்டுவிட்டது. மருந்து, சின்னத் துப்பாக்கியில் மெதுவாகச் சுடுவதுதான்.

சைட்டைத் திருகுவது

ஒரு குண்டைப் பார்த்துத் திருகக் கூடாது. ஐந்து குண்டு சுட்டு, அவை கூடியிருக்கிற இடத்தின் நடுவைப் பாருங்கள். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் சேரவில்லையென்றால் கோளாறு சைட்டில் இல்லை, இன்னும் சுட்டுப் பழகுங்கள். சேர்ந்து, ஆனால் நடுவை விட்டுத் தள்ளியிருந்தால் திருகலாம். இரும்பு சைட்டில் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும், முன்சைட் என்றால் நேரெதிர். டெலஸ்கோப் என்றால் பெரும்பாலும் திருகும்போது கேட்கிற ஒரு கிளிக், கால் நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஒரு நிமிடம்): 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர், 50-ல் 3.6, 25-ல் 1.8. அதாவது 25 மீட்டரில் 4 சென்டிமீட்டர் கீழே பட்டால் மேலே 22 கிளிக். இதைக் கேட்டதும் நிறையப் பேர் பயந்து இரண்டே கிளிக் வைத்துவிட்டு டெலஸ்கோப்பைத் திட்டுவார்கள்.

வெடிக்கவில்லை என்றால்

ட்ரிக்கரை இழுத்தும் "டிக்" மட்டும் கேட்டால், அசையாதீர்கள். குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், குறைந்தது 30 விநாடி எண்ணுங்கள், வெடிமருந்து தாமதமாகப் பற்றி வெடிக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் முகத்தை விலக்கிக்கொண்டு போல்ட்டைத் திறக்கலாம்.

இதைவிட மோசமானது, வழக்கமான சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று வருவது. வெடிமருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்த குண்டு அதன் மேல் போய் மோதினால் குழல் கிழியும். உடனே நிறுத்தி, காலி செய்து, ரேஞ்ச் ஆபிசரைக் கூப்பிட்டு, குழலுக்குள் ராடை விட்டுப் பாருங்கள். ராடு இதற்குத்தான். மற்றபடி என்ன சிக்கினாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் நடக்காதீர்கள். அப்படியே வைத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள், அவர் வருவார்.

முடிக்கிற நேரம்

முதல் நாளுக்கு ஒரு பெட்டி, 50 தோட்டா, தாராளம். களைத்த பிறகு சுடுகிற குண்டுகள் கெட்ட பழக்கத்தைத்தான் சொல்லிக் கொடுக்கும். காலி செய்து, இன்னொருவரை விட்டும் சேம்பரைப் பார்க்கச் சொல்லி, பெட்டியில் வையுங்கள். சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் தோட்டா கிடக்கிறதா என்று துழாவுங்கள், கிடக்கும். எதையும் சாப்பிடுவதற்கு முன், முகத்தைத் தொடுவதற்கு முன், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குண்டிலும் ஈயம், தோட்டாவின் பற்றுமருந்துப் புகையிலும் ஈயம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த உடையோடு தூக்காதீர்கள், துணியையும் தனியாகத் துவையுங்கள்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒருமுறை காலியா என்று பார்த்து, எண்ணெய்த் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஒரு பூட்டுக்குள் அதையும் வேறொரு பூட்டுக்குள் தோட்டாவையும் வையுங்கள். கடைசித் தாளைத் தூக்கிப் போடாமல் ஓரத்தில் தேதி, தூரம், தோட்டா வகை, எத்தனை கிளிக் திருகினீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை முதல் ஐந்து குண்டை அதே தூரத்தில், அதே தோட்டாவில், சைட்டைத் தொடாமல் சுட்டுப் பார்த்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.