அடுத்த மேனேஜர் யார்? ஊகம் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் ஒரு பெரிய கால்பந்து கிளப் தன் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரைத் தூக்கினால், அன்று ராத்திரியே என் போனுக்கு நாலைந்து கட்டுரைகள் வந்துவிடும். திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள். கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை. 'ஒரு தடவை பார்த்துக் குடுங்கண்ணே' என்பார்கள். ஆட்டத்தைப் பற்றி எழுதினால் பிரமாதமாக எழுதுகிறார்கள். எந்த பேக் எவ்வளவு தூரம் ஏறி ஆடினான், மிட்ஃபீல்டில் ஓட்டை எங்கே விழுந்தது என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. 'அடுத்து யார் வரப்போகிறார்' என்று ஆரம்பித்துவிட்டால் மட்டும் அத்தனை பேரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தில் குடியிருந்தவன்தான் என்பதால் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

பெயரைத் தப்பாக எழுதுவது, போலிக் கணக்கை நம்புவது, பழைய போட்டோவைப் போட்டு 'இன்று காலை விமான நிலையத்தில்' என்பது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வாசகர்களிடம் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டால் தானாகச் சரியாகிவிடும்.

பெட்டிங் ஃபேவரிட்டைச் செய்தியாக்குவது

என்னை இன்றைக்கும் கடுப்பேற்றுவது இதுதான். கட்டுரை இப்படித் தொடங்கும்: 'அடுத்த மேனேஜராக இன்னார் வருவது கிட்டத்தட்ட உறுதி. பிரிட்டன் பெட்டிங் நிறுவனங்கள் இவரையே முன்னணியில் வைத்துள்ளன.' ஆதாரம் அவ்வளவுதான். அந்த நிறுவனத்துக்கு உள்ளே இருந்து ஏதோ தெரியும் என்று எழுதுபவரும் நம்புகிறார், படிப்பவரும் நம்புகிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆட்ஸ் என்பது பெட்டிங் நிறுவனம் ஒரு பெயருக்குப் போடும் விகிதம். 2/1 என்றால் ஒரு ரூபாய் கட்டினால் இரண்டு ரூபாய் லாபம். வாய்ப்பாக மாற்றினால் மூன்றில் ஒன்று, சுமார் 33 சதவீதம். இப்போது ஒரு பட்டியலை நாமே போட்டுக்கொள்வோம். முதல் ஆள் 6/4, அதாவது 40 சதவீதம். இரண்டாவது ஆள் 2/1, 33. மூன்றாவது ஆள் 3/1, 25. நாலாவது ஆள் 5/1, சுமார் 17. கூட்டிப் பாருங்கள், 115 வரும். நாற்காலி ஒன்று, வாய்ப்பு 115 சதவீதம். அந்த அதிகப்படி 15தான் நிறுவனத்தின் லாப வரம்பு. பட்டியலில் இன்னும் இருபது பெயர் சேர்த்தால் இது இன்னும் வீங்கும். ஆகவே '40 சதவீத வாய்ப்பு என்று கணித்துள்ளார்கள்' என்று நீங்கள் எழுதும்போது, அந்த நிறுவனமே சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறீர்கள்.

அடுத்தது, அந்த எண் எப்படி அசைகிறது என்பது. லீக் ஆட்டத்தின் முடிவு மேல் கோடிக்கணக்கில் பணம் புரளும். அங்கே ஆட்ஸ் கொஞ்சம் அசைந்தாலும் பின்னால் பெரிய பணம் இருக்கும். 'அடுத்த மேனேஜர்' பெட்டிங் அப்படியில்லை. கட்டுபவர்கள் குறைவு. உள்ளே விஷயம் தெரிந்த யாராவது புகுந்துவிடுவார்கள் என்ற பயத்தில் நிறுவனங்களும் பெரிய தொகையை ஏற்பதில்லை. அதனால் சின்னச் சின்னத் தொகை நாலு இடத்திலிருந்து ஒரே பெயர் மேல் விழுந்தாலே எண் சுருங்கிவிடும். அவர்கள் ஏன் கட்டினார்கள்? எங்கேயோ ஒரு செய்தி படித்திருப்பார்கள். எண் சுருங்கியதும் 'இவருக்கு வாய்ப்பு கூடுகிறது' என்று இன்னொரு செய்தி. அதைப் படித்து இன்னும் பத்துப் பேர் கட்டுவார்கள், எண் இன்னும் சுருங்கும். கிளப்பின் போர்டு ரூமில் இதற்குள் ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்காது.

'பெட்டிங்கையே நிறுத்திவிட்டார்கள்' என்பதும் இதே வகைதான். புதிதாகத் திறந்த சில கணக்குகளிலிருந்து ஒரே பெயருக்குப் பணம் வந்தால்கூட, எதற்கு வம்பு என்று நிறுத்துவார்கள். அதற்குப் பின்னால் உண்மையும் இருக்கலாம், வதந்தியும் இருக்கலாம்.

இந்த நிறுவனங்களே பத்திரிகைகளின் விளையாட்டுப் பிரிவுக்குப் பட்டியலை மெயிலில் அனுப்பி வைக்கும். செய்தியில் தங்கள் பெயர் வந்தால் அவர்களுக்கு இலவச விளம்பரம். அதைத் தமிழில் மொழிபெயர்த்துப் போடும் தம்பிக்குக் காசும் கிடையாது, பெயரும் கிடையாது. மானம்தான் போகும்.

எப்படிப் போகும் என்பதற்கு 2024 ஏப்ரலைச் சொல்கிறேன். அந்த வருஷம் ஜனவரி 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் மேனேஜர் யூர்கன் க்ளாப், சீசன் முடிந்ததும் கிளப்பை விட்டுப் போவதாக அறிவித்தார். உடனே எல்லோர் வாயிலும் ஒரே பெயர், சாபி அலோன்சோ. அவரோ மார்ச் 29 அன்று, தான் மேனேஜராக இருக்கும் ஜெர்மனியின் லெவர்குசனிலேயே இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஃபேவரிட் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் மேனேஜர் ரூபன் அமோரிம். ஆட்ஸ் மளமளவென்று சுருங்கியது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில், உளுந்து எடுத்த வயலில் சித்திரை மாதம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமென்ட் நடத்துவார்கள். அதை நடத்தும் பையன்கள் மொத்தப் பேரும் லிவர்பூல் பைத்தியங்கள். ஆட்ஸை மட்டும் நம்பி ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். பத்தடிக்கு ஆறடி, முழுச் சிவப்பு, நடுவில் தாடியோடு அமோரிம், மேலே 'வருக வருக', கீழே பையன்களின் முகங்கள் வரிசையாக. மக்களவைத் தேர்தல் நேரம். ரோட்டோரம் வைத்தால் அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று வயலுக்குள்ளேயே மூங்கில் நட்டுக் கட்டினார்கள். அந்தப் பக்கம் செங்கொடிக்குப் பழக்கப்பட்ட மண். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இவரு எந்த யூனியன் தலைவரு? புதுசா இருக்காரே" என்று கேட்டார்.

அமோரிம் அந்த மாதக் கடைசியில் லண்டன் போய்ப் பேசினார், லிவர்பூலோடு இல்லை, வெஸ்ட் ஹாம் கிளப்போடு. சீசன் நடுவில் போனது தவறு என்று பிறகு மன்னிப்பும் கேட்டார். லிவர்பூல் மே 20 அன்று அறிவித்தது நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் மேனேஜர் ஆர்னே ஸ்லாட்டை. ஜனவரியில் பெரும்பாலானோர் பட்டியலில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்த பெயர் அது. அவரே அடுத்த சீசனில் லீக் பட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார். ஃப்ளெக்ஸ் ஒருவர் வீட்டு வைக்கோல் போரை மூடப் போனது. காசு போட்ட பையன் இன்னும் என்னிடம் வாதாடுகிறான்: "ஆட்ஸ் அப்படித்தானண்ணே இருந்துச்சு!" ஆட்ஸ் அப்படித்தான் இருந்தது. அதில் சந்தேகமில்லை.

ஆட்ஸைக் குறிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ரசிகர்களின் பணம் இப்போது இவர் மேல் விழுகிறது' என்று எழுதுங்கள். அது உண்மை. கிளப் என்ன நினைக்கிறது என்ற பத்தியில் அதைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள்.

ஒரே செய்தியை நாலாக எண்ணுவது

'நான்கு ஊடகங்கள் உறுதிப்படுத்தியுள்ளன' என்று வரும். திறந்து பார்த்தால் மூன்று, முதலாவதை மேற்கோள் காட்டியிருக்கும். முதலாவதும் 'தெரிகிறது', 'கூறப்படுகிறது' என்றுதான் எழுதியிருக்கும். மொழி மாறும்போது இன்னும் மோசம். போர்த்துகீசியத்தில் 'தொடர்புகொண்டார்கள்' என்று இருப்பது ஆங்கிலத்தில் 'பேச்சுவார்த்தை' ஆகி, தமிழுக்கு வரும்போது 'ஒப்பந்தம் கையெழுத்து' ஆகிவிடுகிறது. முதல் செய்தியைத் தேடிப் பிடித்து, அதில் இருக்கும் வினைச்சொல்லையே போடுங்கள்.

ஒப்பந்தத்தையும் முடிவெடுப்பவரையும் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது

ஜூன் 12 வருகிறது என்றால் டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை மேட்டூர் திறப்பைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் குறுவைக்கு நாற்று விடுகிறவர் அந்தப் பேச்சை வைத்து விதை நெல்லை ஊறப்போட மாட்டார். 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, வரத்து எத்தனை கன அடி, அதைப் பார்ப்பார். மேனேஜர் விஷயத்திலும் அப்படிப் பார்க்க எண்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் எந்த வருஷம் வரை? விடுவிப்புத் தொகை, அதாவது ஒப்பந்தம் முடியுமுன் ஆளை எடுக்கக் கொடுக்க வேண்டிய தொகை, உண்டா? அறிவிப்புக் காலம் எத்தனை நாள்?

அதே அமோரிமை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட் தன் மேனேஜர் எரிக் டென் ஹாகை நீக்கியது. ஸ்போர்ட்டிங் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால், அமோரிமுக்கான 1 கோடி யூரோ விடுவிப்புத் தொகையைக் கொடுக்க யுனைடெட் தயாராக இருப்பதை மறுநாளே போர்ச்சுகல் சந்தை ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. பெட்டிங் பட்டியலெல்லாம் அந்த ஒரு தாள் முன்னால் நிற்காது. அறிவிப்புக் காலம் இருந்ததால் அவர் நவம்பர் 11 அன்றுதான் பொறுப்பேற்றார். இடையில் லிஸ்பனில் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று அடித்துவிட்டு வந்தது தனிக்கதை.

முடிவெடுப்பது யார் என்பதும் முக்கியம். லிவர்பூலில் க்ளாப் கிளம்புகிற நேரத்தில் மைக்கேல் எட்வர்ட்ஸ் உரிமையாளர் நிறுவனத்துக்குத் திரும்பினார். ரிச்சர்ட் ஹியூஸ் விளையாட்டு இயக்குநர் ஆனார். அவர்கள் எப்படிப்பட்ட ஆளைத் தேடுவார்கள் என்று யோசித்திருந்தால் ஸ்லாட் பெயர் முன்னாடியே கண்ணில் பட்டிருக்கும். நம் பிள்ளைகள் முன்னாள் வீரர்கள் டிவியில் யாரைச் சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சம்பளத்தை ரூபாயில் மாற்றி வாய் பிளப்பது

வேண்டாம்.

இடைக்காலப் பயிற்சியாளரின் நாலு ஆட்டம்

டென் ஹாக் போனதும் ரூட் வான் நிஸ்டல்ராய் நாலு ஆட்டங்களுக்கு யுனைடெட்டைப் பார்த்துக்கொண்டார். மூன்று வெற்றி, ஒரு டிரா. 'இவரையே வைத்துக்கொள்ளலாமே' என்று எனக்கு வந்த கட்டுரைகளில் யாருமே எதிரணி யார் என்று எழுதவில்லை. அந்த மூன்று வெற்றிகளில் இரண்டு லெஸ்டர் மேல். கொஞ்ச நாளில் அதே லெஸ்டர் அவரை மேனேஜராக எடுத்துக்கொண்டது. சீசன் முடிவில் லெஸ்டர் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஒலே குன்னர் சோல்ஷார் கதை இன்னும் நீளம். 2018 டிசம்பரில் அதே யுனைடெட்டுக்கு இடைக்காலமாக வந்து, ஜெயித்துத் தள்ளி, 2019 மார்ச்சில் நிரந்தரமானார். 2021 நவம்பரில் நீக்கப்பட்டார். அவர் விஷயத்தில் 'வைத்துக்கொள்வார்கள்' என்று ஊகித்தவர்களின் கணிப்பு பலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'போகமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டாரே'

அலோன்சோ சொன்னதை நம்பலாம், இங்கேயே இருக்கிறேன் என்று நேராகச் சொன்னார். 'இப்போது என் கவனமெல்லாம் இந்த கிளப்பில்தான்' என்பது பதிலே இல்லை.

பெரிய பெயருக்கு மயங்குவது

இது இங்கிலாந்தோடு நிற்கவில்லை. 2025 ஜூலையில் இந்திய அணிக்கு மேனேஜர் தேடினார்கள். பார்சிலோனாவின் முன்னாள் மேனேஜர் சாபி ஹெர்னாண்டஸ் விண்ணப்பித்திருக்கிறார், சம்பளம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள் என்று செய்தி பரவியது. எனக்கு வந்த ஒரு கட்டுரையில் இந்தியாவின் டிக்கி-டாக்கா (சின்னச் சின்ன பாஸ்களாகக் கொடுத்து ஆடும் பாணி) எப்படி இருக்கும் என்று படமே போட்டிருந்தான் ஒருவன். பிறகு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிக்கை விட்டது: சாபி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மெயில்கள் உண்மையானவை அல்ல. கடைசிப் பட்டியலில் இருந்தவர்கள் காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் டார்கோவிச். ஆகஸ்ட் 1 அன்று ஜமீல் நியமிக்கப்பட்டார்.

பையன் மேல் மட்டும் தப்பில்லை, கூட்டமைப்பு வட்டாரத்திலிருந்தே அந்தப் பேச்சு வெளியே வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பார்சிலோனாவை லா லிகா பட்டம் ஜெயிக்க வைத்தவர் வேலை கேட்க வேண்டுமென்றால் பொது மெயில் முகவரிக்கா எழுதுவார்? அவருக்கு ஏஜென்ட் இல்லையா?

எதிர்ப்பக்கமும் உண்டு. சின்னப் பெயர் என்று ஒதுக்குவது. 2024 மே மாதம் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக், இங்கிலாந்தின் பர்ன்லி கிளப்போடு அப்போதுதான் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய வின்சென்ட் கொம்பனியை எடுத்தது. அதற்கு முன் அலோன்சோ, நாகல்ஸ்மன், ராங்னிக் என்று வரிசையாக ஒவ்வொருவரும் வேறு வழியில் போய்விட்டார்கள். பெரிய கிளப் கூப்பிட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள் என்று நினைத்து எழுதியவர்கள் அந்த மாதம் முழுக்கத் திருத்தம் போட்டார்கள். கொம்பனி முதல் சீசனிலேயே பட்டம் வாங்கினார்.

ஒருவர் பெயரை நிரந்தரமாக அடித்துவிடுவது

லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம் பற்றி எழுதுகிறவர்கள் 2021 கோடையை ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். ஏப்ரல் 19 அன்று, லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்னால், மேனேஜர் மொரின்யோவை நீக்கினார்கள். அடுத்தவரை அறிவித்தது ஜூன் 30. எழுபத்திரண்டு நாள். நாகல்ஸ்மன் பேயர்னுக்குப் போனார். கான்டேயோடு பேசினார்கள், முறிந்தது. ஃபொன்சேகா கிட்டத்தட்ட முடிந்த மாதிரி இருந்து கலைந்தது. கத்தூசோ என்றதும் ரசிகர்களே கொதித்தெழுந்தார்கள். கடைசியில் நூனோ வந்தார்.

அந்த ஜூன் மாதம் 'கான்டே அத்தியாயம் முடிந்தது' என்று நம்மவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். நூனோ ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது வாங்கினார், நவம்பர் 1 அன்று நீக்கப்பட்டார். நவம்பர் 2 அன்று டாட்டன்ஹாம் மேனேஜர், கான்டே.