ஓங்கிலும் சுறாவும் ஒரே கூட்டமா? உயிரினங்களை வகைப்படுத்தும் செய்முறை

கடற்குதிரை குதிரையன்று, மீன். நட்சத்திர மீனோ மீனே அன்று. பெயரையும் தோற்றத்தையும் நம்பினால் வகைப்பாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இவ்விரண்டே போதும். இன்றைய உயிரியலாளர்கள் இரண்டு உயிரினங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கேட்பதோடு நிற்பதில்லை. அவற்றின் பொது மூதாதை எவ்வளவு அண்மைக் காலத்தில் வாழ்ந்தது என்று தேடுகிறார்கள். அந்தத் தேடலை ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு நாமே செய்து பார்க்கலாம்.

படி 1: உயிரினங்களைத் தேர்ந்தெடுத்தல்

சுறா, தவளை, பல்லி, முதலை, புறா, ஓங்கில் (டால்பின்) ஆகிய ஆறு பெயர்களைத் தாளின் மேல்வரியில் எழுதுங்கள். பார்த்தவுடன் சுறாவையும் ஓங்கிலையும் சேர்த்து வைக்கத் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸே 1735இல் திமிங்கிலங்களை மீன்களோடுதான் வைத்தார். தம் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவற்றைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார்.

படி 2: பண்புகளைச் சலித்தெடுத்தல்

செய்முறையின் கடினமான பகுதி இதுதான். ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரே சூழலில் ஒரே வேலையைச் செய்வதால் மட்டும் ஒத்துப்போன உறுப்புகளைச் செயல் ஒத்த உறுப்புகள் என்றும், ஒரே மூதாதையிடமிருந்து வந்த அடிப்படைக் கட்டமைப்பு உடையவற்றை அமைப்பு ஒத்த உறுப்புகள் என்றும் சொல்கிறோம். ஓங்கிலின் துடுப்புக்குள் நம் கையில் இருப்பது போலவே மேற்கை எலும்பும், முன்கை எலும்புகள் இரண்டும், விரல் எலும்புகளும் உள்ளன. சுறாவின் துடுப்பில் இந்த அமைப்பு கிடையாது. இரண்டும் நீந்தும் காணொளியைப் பார்த்தால் இன்னொரு வேறுபாடும் தெரியும்: சுறா வாலைப் பக்கவாட்டில் வீசும், ஓங்கில் மேலும் கீழுமாக அசைக்கும்.

வெளித்தோற்றத்தைக் கடந்து உள்ளமைப்பைப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. புறத்தே வைரம் (தண்டின் கெட்டியான பகுதி) உடையதைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்த இலக்கணப்படி பனையும் மூங்கிலும் புல்லோடு சேர்கின்றன; தாவரவியலும் இம்மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது.

படி 3: அட்டவணை

தாளின் இடப்பக்கம் பண்புகளை எழுதி, உள்ளவற்றுக்குக் குறியிடுங்கள். தாடை ஆறுக்கும் உண்டு. விரல்களுடன் கூடிய கால்களின் எலும்பமைப்பு, சுறா நீங்கலாக ஐந்துக்கும் உண்டு. ஓங்கிலின் கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிப் பிறகு மறைந்துவிடுகின்றன. கருவைச் சூழும் பனிக்குடம், தவளையையும் விட்டுவிட்டு நான்குக்கு உண்டு. முடியும் பால் சுரப்பும் ஓங்கிலுக்கு மட்டுமே உள்ளன.

படி 4: வட்டத்துக்குள் வட்டம்

ஆறையும் சூழ்ந்து பெரிய வட்டம், அதற்குள் ஐந்துக்கு ஒன்று, அதற்குள் நான்குக்கு ஒன்று என வரைந்துகொண்டே போங்கள். இங்கே ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வகுத்துக் கொடுத்த விதியை மறக்கக் கூடாது: ஒரு கிளையில் புதிதாகத் தோன்றிய பண்பைப் பகிர்ந்துகொள்வதே உறவுக்குச் சான்று, பழைய பண்பு எஞ்சியிருப்பது சான்றாகாது. தவளைக்கும் பல்லிக்கும் மூன்று அறைகள் கொண்ட இதயம் இருப்பதால் அவை நெருங்கிய உறவினர் ஆகிவிடா.

நான்கு அறை இதயம் முதலை, புறா, ஓங்கில் ஆகிய மூன்றுக்கும் உண்டு. அப்படியானால் இம்மூன்றும் ஒரு கூட்டமா? அன்று. மண்டையோட்டின் அமைப்பும் மரபணுக்களும் பல்லி, முதலை, புறா மூன்றையும் ஒரு பக்கமும், பாலூட்டிகளை மறுபக்கமும் நிறுத்துகின்றன. ஆகவே பாலூட்டிகளின் நான்கு அறை இதயம் தனியாகத் தோன்றியது என்றே கொள்ள வேண்டும். அந்த மூன்றுக்குள் முதலைக்கு நெருங்கிய உறவு, தோற்றத்தில் ஒத்த பல்லியன்று, புறாதான். எனக்கு இன்றும் வியப்பளிக்கும் முடிவு இது.

படி 5: பெயரிடுதல்

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்பது படிநிலை வரிசை. இந்தியப் பெருங்கடலில் வாழும் ஓர் ஓங்கிலை எடுத்துக்கொண்டால்: விலங்குலகம், முதுகுநாணிகள், பாலூட்டிகள், இரட்டைக் குளம்பிகள், டெல்பினிடே, டர்சியாப்ஸ், டர்சியாப்ஸ் அடன்கஸ். பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சேர்ந்த இந்த இருசொற் பெயரே அறிவியல் பெயராகும்.

படி 6: சரிபார்த்தல்

குளம்பே இல்லாத ஓங்கில், ஆடு மாடுகளின் வரிசையில் எப்படி வந்தது? டி.என்.ஏ. ஒப்பீடு, திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் இன்று வாழும் விலங்குகளில் நீர்யானையே மிக நெருங்கிய உறவு என்று காட்டியது. பாகிஸ்தானில் கண்டெடுக்கப்பட்டு 2001இல் அறிவிக்கப்பட்ட பழங்காலத் திமிங்கில எலும்புகளில், ஆடும் மானும் கொண்டுள்ள இரட்டைக் கப்பி வடிவக் கணுக்கால் எலும்பும் இருந்தது. இப்படித் தனித்தனிச் சான்றுகள் ஒரே கிளையைக் காட்டும்போதுதான் அந்த வகைப்பாட்டை உறுதியாக ஏற்கிறார்கள். முரண்பட்டால் வட்டங்களை அழித்து மீண்டும் வரைகிறார்கள்.

இப்போது ஏழாவதாக, பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, உங்கள் தாளில் சேருங்கள். அதன் வாலும் ஓங்கிலின் வால் போலவே பிளவுபட்டு, மேலும் கீழுமாகத்தான் அசையும். ஆனாலும் பாலூட்டி வட்டத்துக்குள் அதை ஓங்கிலின் கிளையில் வைத்துவிடாதீர்கள். பசுவின் கிளையிலும் வேண்டாம். அதற்கெனத் தனிக் கிளை வரைந்து, பக்கத்தில் யானை என்று எழுதுங்கள்.