பீரோவில் கிடந்த கேமரா: பழைய டிஜிட்டல் கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் பழைய டிஜிட்டல் கேமரா விலைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில். ஸ்டுடியோவை மூடுகிறவர் சாமான்களை ஒதுக்குவார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் வீட்டில், பிள்ளைகள் போனுக்கு மாறிய பிறகு சும்மா கிடக்கிற ஒன்று வெளியே வரும். மூன்றாவது, போனில் கண்ணில் படுகிற விளம்பரம். எந்த வழியில் வந்தாலும் வாங்குகிறவர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தன மெகாபிக்சல்? எந்த வருஷத்து மாடல்?" விற்கிறவரும் பெருமையாக ஒன்றைச் சொல்வார்: "பெட்டியோட அப்படியே இருக்கு, தொட்டதே இல்ல."

அந்தப் பதிலைக் கேட்டதும் உஷாராக வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. இங்கே கேமராவைக் கெடுப்பதில் வயதைவிட ஈரத்துக்கே பங்கு அதிகம். பத்து வருஷம் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைக்கும் போய்வந்த கேமரா, பத்து வருஷம் பீரோவில் பூட்டிக் கிடந்த கேமராவைவிட நல்ல நிலையில் இருக்கலாம். எந்த வருஷம் என்று கேட்பதோடு, இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்ட வீட்டிலா, குளச்சல் கடற்கரையிலா, காற்று வறண்ட ஆரல்வாய்மொழியிலா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய கோளாறும் மாறும்.

மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறுவது

இந்தத் தவறை எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் செய்யவும் செய்கிறார்கள். 2006-இல் வந்த நிக்கான் டி40-இல் இருப்பது 6 மெகாபிக்சல். சிரிப்பு வரலாம். ஆனால் அதன் படம் 3008-க்கு 2000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் பிரிண்ட் போட்டாலே 10 அங்குல அகலம் தாராளமாக வரும். 4கே டிவியின் திரை முழுவதும் சேர்த்தே 8.3 மெகாபிக்சல்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் எவ்வளவு சுருங்குகிறது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது ஒளியைப் படமாக்குகிற சில்லின், அளவு. 2005-இல் வந்த கேனான் 5டி ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கே இருக்கும். அதன் சென்சார் ஏறக்குறைய 36-க்கு 24 மில்லிமீட்டர். பாக்கெட் கேமராக்களில் பரவலாக இருந்த சென்சாரோ சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம். அதனால் பெட்டியில் '20 மெகாபிக்சல்' என்று பெரிதாக அச்சிட்ட பாக்கெட் கேமராவைவிட, 12.8 மெகாபிக்சல் மட்டுமே உள்ள 5டியின் படத்தில் தோலின் நிறமும் நிழலின் நுணுக்கமும் நன்றாக நிற்கும்.

ஆனால் இரவிலும் போனை வென்றுவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். இன்றைய போன் இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. பழைய கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது, ஸ்டாண்ட் இல்லாமல் அதனிடம் இரவுப் படம் கேட்பது அநியாயம். நல்ல வெளிச்சத்தில், நல்ல லென்ஸ் போட்டு, ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்து எடுப்பதுதான் அதன் பலம்.

டார்ச் இல்லாமல் லென்ஸ் பார்ப்பது

இந்த மாவட்டத்தில் அதிகப் பணத்தை விழுங்குகிற தவறு இதுதான். லென்ஸைக் கையில் வாங்கி, முன்கண்ணாடியை மட்டும் பார்த்து, "கீறல் இல்ல, நல்லாருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். முன்கண்ணாடியில் உள்ள சின்னக் கீறல் படத்தில் தெரியவே தெரியாது. கெடுதல் உள்ளே இருக்கும்.

லென்ஸைக் கழற்றுங்கள். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து மறுபடியும் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிவது தூசி. அது எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், அதைக் காட்டி விலை பேசலாம், பயப்பட வேண்டாம். ஒட்டடை இழை போலக் கிளை விட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை, ஸ்டுடியோக்காரர்கள் பேச்சில் 'பங்கஸ்'. கண்ணாடி முழுக்க மெல்லிய பால் படலம் போலத் தெரிந்தால் அதுவும் ஆபத்துதான்.

பூஞ்சை ஓரத்தில், வெளிக்கண்ணாடியில் இருந்தால் துடைத்துவிடலாம். நடுக் கண்ணாடிகளுக்குள் போயிருந்தால் லென்ஸைப் பிரிக்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கிற இடத்துக்குள் நுழைந்துவிட்டால் அதை மறந்துவிடுவது நல்லது. பூஞ்சை வெளியிடுகிற அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், துடைத்த பிறகும் தடம் நிற்கும். சாதாரண வெளிச்சத்தில் இந்தக் குறை சிலசமயம் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போதுதான் படம் வெளிறும். கன்னியாகுமரியில் சூரிய உதயம் எடுக்கத்தான் கேமரா வாங்குகிறோம் என்றால், அந்த லென்ஸ் நமக்கு எதற்கு?

ஒரு லென்ஸில் பூஞ்சை இருந்தால் பக்கத்து லென்ஸுக்கும் தொற்றிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பூஞ்சை வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அது முளைக்கத் தேவை ஈரம், அதை நாம் கொடுக்காமல் இருந்தால் போதும். இங்கே பலர் செய்வது நேர் எதிர். லெதர் உறைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே பீரோவில் வைக்கிறார்கள். தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேமரா பையும் அப்படித்தான், அது எடுத்துப் போக மட்டும். வீட்டில் வைக்க, காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். உள்ளே சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஜெல் நிறம் மாறினால் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், சமையலுக்கு எடுக்கிற பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். அரிசிக்குள் புதைப்பது ஊரறிந்த வைத்தியம். மாவுத் தூசியை உள்ளே அனுப்புவதைத் தவிர அதனால் பெரிய பலன் இல்லை.

கடற்கரையில் செய்பவை

முட்டம், சொத்தவிளை, தேங்காப்பட்டணம் என்று எங்கே போனாலும் காற்றில் உப்பு இருக்கிறது. அலை தெறிக்காவிட்டாலும் கேமராமேல் அது படியும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதுதான் முதல் தவறு, உப்புப் பொடி கண்ணாடியைத் தேய்த்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியை ஒற்றி எடுத்து, பிறகு உலர்த்த வேண்டும். பழைய கேமரா வாங்கும்போது பேட்டரி அறைக்குள் பாருங்கள், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தைப் பாருங்கள், திருகாணித் தலைகளைப் பாருங்கள். பச்சையோ துருவோ தெரிந்தால் அந்தக் கேமரா கடலோரத்தில் வாழ்ந்திருக்கிறது, உள்ளே சர்க்யூட் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல் மிக நுண்ணியது. சுவிட்ச் போட்டதும் லென்ஸ் வெளியே நீண்டுவருகிற பாக்கெட் கேமராக்களுக்கு மணல்தான் எமன். கேனான் பவர்ஷாட் கேமராக்களில் 'இ18' என்று திரையில் வந்து லென்ஸ் பாதியில் நிற்கிற கோளாறு ஒரு காலத்தில் பேர்போனது. வாங்கும்போது பத்துத் தடவையாவது அணைத்துப் போட்டு, லென்ஸ் போய்வருகிற சத்தத்தைக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்கு. ஏசி லாட்ஜ் அறையிலிருந்து விடியற்காலை நேராகக் கரைக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்கப் பனி மூடும், உதயம் முடிந்த பிறகுதான் தெளியும். அரைமணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

கண் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டி40, கேனான் 5டி போன்றவற்றில் பின்திரையில் பார்த்து எடுக்கிற வசதி கிடையாது, வியூஃபைண்டரில் கண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் தெரிவது லென்ஸ் வழியாக வருகிற நேரடி ஒளி. தூரத்தைக் கிட்டே இழுக்கிற பெரிய டெலி லென்ஸை மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்ப்பது கண்ணைப் பறிகொடுக்கும் வேலை. கடலைத் தொட்டுக்கொண்டிருக்கிற சிவப்புச் சூரியன்கூடப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உதயமும் அஸ்தமனமும் முக்கியம் என்றால் பின்திரையில் பார்த்து எடுக்கிற வசதியுள்ள மாடலாகப் பாருங்கள், 2008-க்குப் பிந்திய பலவற்றில் அது உண்டு.

எண்ணிக்கையை மட்டும் நம்புவது

ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை கிளிக் ஆகியிருக்கிறது என்ற எண்ணிக்கை, கேட்பது நல்ல பழக்கம். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்திலேயே அந்த எண் பதிவாகியிருக்கும், கேனானின் பல மாடல்களில் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் எடுக்க முடியும். டி90-இன் ஷட்டரை 1 லட்சம் கிளிக் வரை சோதித்திருப்பதாக நிக்கான் சொன்னது, டி700-க்கு 1.5 லட்சம். அந்த எண்ணைத் தாண்டினால் மறுநாளே நின்றுவிடாது, குறைவாக இருப்பதால் கேமரா நலம் என்றும் ஆகாது. வெறும் 3,000 கிளிக் என்றால், மீதி நாளெல்லாம் அது எங்கே கிடந்தது என்ற கேள்விக்குத்தான் திரும்புகிறோம்.

பிடியின் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். உப்பி, பிசுபிசுத்து, ஓரம் கிளம்பியிருந்தால் வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்திருக்கிறது. பழைய நிக்கான்களில் இது சகஜம். (ரப்பர் விளைகிற ஊரில் ரப்பர் ஒட்டத் தெரியாதா என்பார்கள். ஒட்டலாம், மாற்றவும் செய்யலாம். அது காட்டுகிற தகவல்தான் நமக்கு வேண்டியது.) சென்சாரைப் பார்க்க, லென்ஸின் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். புள்ளிகள் தெரியும். தூசி என்றால் சுத்தம் செய்யலாம். 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் எண்ணெய்ப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்து, நிறுவனம் ஷட்டரை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் 5டியில் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்புகிற உள்கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை காலப்போக்கில் விட்டு, அந்தக் கண்ணாடி கழன்று விழலாம். இப்படி ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சில்லறைச் சாமான் என்று விட்டுவிடுவது

ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிமின் பழைய கேமராக்கள் பல எக்ஸ்டி என்ற வகை மெமரி கார்டு கேட்கும், அதைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பழைய எஸ்டி கேமராக்கள் சில 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அடையாளமே காணாது, கடையில் இன்று கிடைக்கிற 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா கெட்டுப்போச்சு என்று திருப்பித் தருகிறவர்கள் உண்டு. சிஎஃப் கார்டு இன்னும் கிடைக்கிறது, ரீடர் தனியாக வாங்க வேண்டும். சார்ஜர் இல்லாமல் கொடுத்தால் அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். மெனுவைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டுடியோவில் இனாமாகக் கிடைக்கிற ஃபிலிம் காலத்து ஃபிளாஷிலும் கவனம் தேவை. அவற்றில் சில தூண்டும்போது நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் கேமராவுக்குள் திருப்பி விடும், டிஜிட்டல் கேமரா அதைத் தாங்காமல் போகலாம்.

நிக்கான் லென்ஸ் மவுண்ட் (கேமராவில் லென்ஸ் மாட்டுகிற அமைப்பு) 1959 முதல், கேனானின் இஎஃப் மவுண்ட் 1987 முதல் இருப்பதால் பழைய லென்ஸ் ஏராளம், பழைய கேமராவின் மதிப்பு நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் டி40, டி3000, டி5000 வரிசைகளின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிற 50 மிமீ எஃப்1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி90-இல் தானாக ஓடும்.

சிசிடி மோகம்

இப்போது இளையவர்கள் 2000-களின் பாக்கெட் கேமராவைத் தேடி அலைகிறார்கள், 'சிசிடி கலர்' என்ற பெயரில் விலை ஏறுகிறது. சிசிடி என்பது அந்தக் காலத்துக் கேமராக்களில் பரவலாக இருந்த சென்சார் வகை. நிறத்தைத் தீர்மானிப்பதில் சென்சார் மேலுள்ள வண்ண வடிப்பானும், கேமராவுக்குள் நடக்கிற கணக்கும், லென்ஸும் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சிசிடி என்ற மூன்றெழுத்துக்கு மட்டும் இரட்டை விலை கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். தவிர, 2002 முதல் 2004 வரை சோனி தயாரித்த சிசிடிகளில் ஒரு தொகுதி, வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் உள்ளிணைப்பு விட்டுப்போய்ப் பழுதாகின. 2005-இல் கேனான், நிக்கான் உட்படப் பல நிறுவனங்கள் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தன. கேனான் ஏ70, ஏ75 அந்தப் பட்டியலில் இருந்தவை. படம் ஊதாவாகக் கோணலாக வந்தாலோ கறுப்பாகவே நின்றாலோ காரணம் அதுவாக இருக்கலாம். இன்று அதற்கு இலவசமும் இல்லை, மாற்று சென்சாரும் சுலபத்தில் கிடைக்காது. நம் ஊர் வெயிலும் ஈரமும் அந்தக் கேமராக்களுக்கு எப்படிப்பட்ட இடம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிசிடியால் கிடைத்த உண்மையான லாபம் வேறொன்று. சிசிடி உள்ள நிக்கான் டி40, டி50, டி70 மூன்றும் ஃபிளாஷுடன் நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வரை ஓடும். இன்றைய பல கேமராக்கள் சாதாரணமாக 200 அல்லது 250-ஓடு நின்றுவிடுகின்றன. உச்சிவெயிலில் வட்டக்கோட்டை மதில்மேல் ஆளை நிறுத்தி, முகத்து நிழலை ஃபிளாஷால் போக்கி, பின்னால் கடலையும் நீலமாக வைத்திருக்க அந்த வேகம் உதவும்.

வாங்கிய பிறகு ஜேபெக்கில் மட்டும் எடுப்பதும் நஷ்டம்தான். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற ரா கோப்பாக எடுத்தால், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளே பழைய நிக்கான், கேனான் கோப்புகளைத் திறந்து, கேமரா வந்த காலத்தில் கிடைத்ததைவிட நன்றாக, படத்தில் பொடிப்பொடியாகத் தெரிகிற நாய்ஸ் புள்ளிகளை நீக்கிக் கொடுக்கும்.

சேர்த்து வைத்த பணம் கொஞ்சம்தான் என்று ஒருவர் கேட்டால் நான் சொல்வது டி90-உம் அந்த 50 மிமீ லென்ஸும். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லையென்றால் பாடியின் அடியிலுள்ள சீரியல் எண்ணையும் விற்றவர் கையெழுத்தையும் ஒரு தாளிலாவது வாங்கிக்கொள்ளுங்கள், சுற்றுலா ஊரில் காணாமல்போன கேமராவும் விலைக்கு வரும். பையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், மூடி இறுகுகிற டப்பாவை அன்றைக்கே வடசேரியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.