"வன்னிச் சனத்துக்கு முயற்சி இல்லை" என்று சொல்வதற்கு முன்

வன்னி என்றால் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம். கிளிநொச்சிச் சந்தையிலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற உறவுக்காரர் வாயிலும் சரி, ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது: "வன்னிச் சனம் நிவாரணம் வாங்கிப் பழகிவிட்டது, முயற்சி இல்லை." 2016 கணக்கெடுப்பில் இலங்கையில் நூற்றுக்கு 4.1 பேர் வறுமையில் இருந்தார்கள், கிளிநொச்சி மாவட்டத்தில் நூற்றுக்கு 18.2 பேர். இந்த இடைவெளியை விளங்கிக்கொள்ள உளவியல் உண்மையிலேயே உதவும். ஆனால் அதைக் கையில் எடுக்கிற பலர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

பெரிய தவறு, விளைவைக் காரணமாக எண்ணுவது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன் காசு முடையில் ஒரு தடவை, அறுவடைப் பணம் வந்தபின் ஒரு தடவை, அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முதல் தடவை புள்ளி குறைந்தது. ஆலைகள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நாளில் வெட்டச் சொல்வதால், காலநிலையில் பழியைப் போடவும் முடியாது. ஆள் மாறவில்லை, மடியில் இருந்த காசுதான் மாறியது.

இதை எங்கள் காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு விதைக்கிற பெரிய நெற்போகத்துக்கு, பொருத்திப் பாருங்கள். மார்கழியில் நகை அடகில் இருக்கும், உரக்கடைக் கணக்கு நிற்கும், நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் நிற்பார். அந்த நேரத்தில் வட்டியைக் கூட்டிப் பார்க்காமல் இன்னொரு கடனுக்குக் கையெழுத்து வைத்தவரை "கணக்குத் தெரியாதவர்" என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். கணக்கெடுக்க வருபவர்கள் எந்த மாதத்தில் கேட்டார்கள் என்பதையாவது குறித்துக்கொள்ள வேண்டும். அதே நேரம் இந்த ஓர் ஆய்வையே வேதவாக்காகப் பிடிக்கவும் கூடாது. முடை பற்றிய வேறு சில சோதனைகளைத் திரும்பச் செய்தபோது முதலில் வந்த முடிவு வரவில்லை.

அடுத்தது பொறுமை பற்றிய பேச்சு. ஓர் இனிப்பைக் கொடுத்து, "பொறுத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று குழந்தைகளைச் சோதிப்பது பலருக்கும் தெரியும். பொறுக்கிற பிள்ளை முன்னேறும் என்று அதை வைத்துப் பாடம் எடுப்பார்கள். அப்புறம் அமெரிக்காவில் 28 பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அங்கே ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் பெரியவர் முதலில் நல்ல வர்ணப் பொருட்கள் தருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். மற்றவர்களுக்குச் சொன்னபடி கொடுத்தார். பிறகு இனிப்பை வைத்தபோது, ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம்தான் காத்திருந்தார்கள். மற்றவர்கள் பன்னிரண்டு நிமிடம். சொன்ன சொல் காப்பாற்றப்படாத இடத்தில் உடனே எடுத்துச் சாப்பிடுவதுதான் புத்தி.

2008 இல் போருக்குப் பயந்து கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். கடைசியில் அந்தத் தகரத்தையும் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு ஓடினோம். இன்றும் என் அம்மா கையில் காசு வந்தால் முதலில் ஒரு சோடித் தோடுதான் வாங்குவார், சீமெந்து அல்ல. தோட்டைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடலாம். இதை எதிர்காலச் சிந்தனை இல்லாமை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

மாவட்டச் சராசரியை ஒரு மனிதர் தலையில் கட்டுவதும் தவறுதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கோடையில் சிறுபோகமும் செய்பவரும், மழையை நம்பி ஒரு போகம் விதைப்பவரும், முல்லைத்தீவில் வலை இழுப்பவரும் ஒரே "வன்னி மனநிலை"யில் இருப்பதில்லை.

கடைசித் தவறு, மனதைப் பேசிக்கொண்டே மண்ணை மறப்பது. காணி கையில் இல்லாதவருக்குத் தன்னம்பிக்கைக் கருத்தரங்கு வைத்து என்ன பயன்? 2017 இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவுச் சனம் இராணுவத்தின் கையில் இருந்த தங்கள் காணியைக் கேட்டு, முகாம் வாசலுக்கு முன் கொட்டில் போட்டு, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்காக இருந்தது. பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.