பொடிப் பனிக்கு அகலமான ஸ்கீ எடுக்கும் முன்

ஜனவரியில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடக் கிளம்பும் நம் சுங்கை சிப்புட் பிள்ளைகள் இரண்டு பேர், பொடிப் பனிக்கு, அதாவது புதிதாக விழுந்த உதிரிப் பனிக்கு, எந்த ஸ்கீ (சறுக்குப் பலகை) எடுப்பது என்று கேட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் பலகை போட்டு நடப்போமே, அதே கணக்குதான்: பரப்பு கூடினால் கால் புதையாது. பூட்ஸுக்கு அடியில் வரும் நடுப்பகுதி 105 முதல் 120 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். பொடிப் பனிக்குப் புதியவர் என்றால் 110க்கு மேல் வேண்டாம் என்பேன், கெட்டிப் பனியில் திருப்புவதற்குள் முழங்கால் கெஞ்சும்.

ராக்கரை, அதாவது ஸ்கீயின் நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதை, கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒட்டி நிற்கவைத்து நடுவில் அழுத்திப் பிடியுங்கள். நுனிப்பக்கம் எங்கே பிரிய ஆரம்பிக்கிறதோ அங்கிருந்துதான் வளைவு. நடுவுக்குக் கிட்டேயே பிரிந்தால் நன்றாக மிதக்கும், ஆனால் கெட்டிப் பனியில் விளிம்பு கடிக்கும் நீளம் குறையும், அதனால் வழக்கத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளமாக எடுக்கலாம்.

பழையது வாங்கினால் பிரேக்கை, அதாவது ஸ்கீ காலிலிருந்து கழன்றால் கீழே இறங்கி அதை நிறுத்தும் கம்பியை, பாருங்கள். நான் கவனிக்காமல் வாங்கிய ஜோடியில் பிரேக் கம்பி ஸ்கீயைவிடக் குறுகல், விளிம்பில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை.

சரி, சோதனை. ஹொக்கைடோவின் நிசெகோ சறுக்குத் தளத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைக் கடைக்காரரே உங்கள் எடைக்கும் பூட்ஸுக்கும் சரிசெய்யட்டும். முதலில் சமன்செய்த சரிவில் மெதுவாக நாலு திருப்பம், அப்புறம் பொடிப் பனி. பின்னால் சாயாமல் நடுவில் நின்றே நுனி மேலே வந்தால் அதுதான் உங்கள் ஸ்கீ. நுனி புதைந்து தொடை எரிந்தால், மதியமே திரும்பிப் போய் இன்னும் அகலமானதைக் கேளுங்கள்.