ஹாஷ் பொருந்தினால் போதுமா?

தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் விண்டோஸ் போன்றவற்றை நிறுவ உதவும் ஐந்தாறு ஜிபி ஐஎஸ்ஓ கோப்பை ஒவ்வொரு தடவையும் புதிதாக இறக்குவதில்லை. ஒருவர் இறக்கியது பென்டிரைவில் கைமாறிக்கொண்டே போகும். அது ஒரிஜினல்தானா என்று அறிய பெயரையும் சைஸையும் பார்த்தால் போதாது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசைதான் ஹாஷ், கோப்பின் கைரேகை மாதிரி. பெயரை மாற்றினாலும் ஹாஷ் மாறாது. உள்ளே ஒரு பைட் மாறினால் ஹாஷ் முழுக்க மாறிவிடும். அதனால்தான் ஹாஷைப் பார்க்கச் சொல்கிறோம்.

ஆனால் அதே பென்டிரைவில் கூடவே வந்த டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் ஹாஷோடு ஒப்பிடாதீர்கள். கோப்பை மாற்றியவருக்கு அதையும் மாற்றத் தெரியும். சரியான ஹாஷைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே எடுங்கள்.

முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து ஒத்துப்போனால் சரி என்று விடுவதும் ஆபத்து. ஒவ்வோர் இடத்திலும் 16 எழுத்துகளில் ஒன்றுதான் வரும் என்பதால், அந்த எட்டு எழுத்துக்குச் சுமார் 430 கோடி சாத்தியங்கள்தான். அந்த எட்டும் பொருந்தும்வரை கோப்பை மாற்றி மாற்றி முயல்வது நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரிய வேலையே இல்லை. ஹாஷ் போடும் முறைகள் பல; ஷா-256 என்ற முறை என்றால் 64 எழுத்தையும் ஒப்பிட வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும், ஹாஷ் போட உதவும் செர்ட்யுட்டில் கட்டளையில் ஷா-256 என்று குறிப்பிடாவிட்டால், பல பதிப்புகளில் ஷா-1 என்ற பழைய முறையின் 40 எழுத்து ஹாஷ்தான் வரும். அதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

எம்டி5 என்ற இன்னொரு பழைய முறையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே எம்டி5 வரும் இரு வேறு கோப்புகளை 2004-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். ஷா-1-க்கு 2017-ல் இரண்டு பிடிஎஃப்களை வைத்தே காட்டினார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனம் என்எஸ்ஆர்எல் என்ற பெயரில், அறியப்பட்ட மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் தொகுப்பை வெளியிடுகிறது. கணினித் தடயவியல் ஆய்வாளர்கள் வழக்கமான கோப்புகளைக் கழித்துவிட்டு மீதியைத் தேட அது உதவுகிறது. அதில் இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை; ஹேக்கிங் கருவிகளின் ஹாஷும் அதில் உண்டு. படகின் பதிவு எண் எந்தப் படகு என்று சொல்லும், எதற்காகக் கடலுக்குப் போகிறது என்று சொல்லாது. ஹாஷும் அப்படித்தான்.

இன்னொன்று: காலியான கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஹாஷ்தான். அது இந்தத் தொகுப்பில் பொருந்தினால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஹாஷ் பொருந்தவில்லை என்றால் உடனே வைரஸ் என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்தாதீர்கள். வேறு பதிப்பாக இருக்கலாம், டவுன்லோட் பாதியில் நின்றிருக்கலாம், பென்டிரைவே பழுதாகியிருக்கலாம். முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள், அப்புறம் வேறு டிரைவில் காப்பி எடுத்து மறுபடி ஹாஷ் போடுங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் அந்தக் கோப்பை நிறுவ வேண்டாம்.